எண்கள் ஒத்துவராதபோது: உப்புத் தண்ணீர் சோதனை முடிவுகளை ஒப்பிடுவதில் வரும் கோளாறுகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலோர ஊர்களின் தண்ணீரைச் சோதிக்கிறவர்களுக்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. ஒரே நாளில் மேசைக்கு வரும் புட்டிகளில் ஒன்று ஊருணித் தண்ணீர், லிட்டருக்கு நாற்பது ஐம்பது மில்லிகிராம் குளோரைடு. அடுத்தது கடல் ஏறிய கிணறு, ஆயிரத்துக்கு மேல். அதற்கடுத்தது கடல்நீரே, ஏறத்தாழ 19,000. மூன்றையும் ஒரே பியூரெட்டில் (அளவுக் கோடு போட்ட, அடியில் திருகு உள்ள கண்ணாடிக் குழாய்), ஒரே ஆள் டைட்ரேஷன் செய்து பார்க்கிறார்: நிறம் மாறும் வரை சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, செலவான அளவிலிருந்து குளோரைடைக் கணக்கிடுகிறார். மாலையில் எண்கள் முரண்டு பிடிக்கும்போது எல்லோரும் செய்வது ஒன்றுதான்: எக்செல்லில் டி-சோதனை (இரண்டு சராசரிகளின் வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதா என்று பார்க்கும் கணக்கு) போட்டுப் பார்ப்பது. நான் திரும்பத் திரும்பச் சரிசெய்து கொடுத்த கோளாறுகளில் பெரும்பாலானவை கணினிக்கு வருமுன்பே நடந்தவை. மீதி, எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் நடந்தவை.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும். கணக்குகளில் உள்ள கிணற்று எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. ‘எல்லை’ என்று நான் சொல்பவை புள்ளியியல் அட்டவணையின் உண்மையான மதிப்புகள்; கணக்கில் வந்த எண் எல்லையைத் தாண்டினால் அது தற்செயல் அல்ல என்று எடுத்துக்கொள்வோம்.

அறிகுறி 1: ஒரே புட்டி, மூன்று டைட்ரேஷன், மூன்றும் மூன்று பக்கம் நிற்கின்றன

*முதலில், இது உண்மையிலேயே சிதறலா?* 25 மி.லி. மாதிரி, 0.0141 நார்மல் (கரைசலின் அடர்த்தியைச் சொல்லும் அலகு) சில்வர் நைட்ரேட் என்றால், பியூரெட்டில் ஒரு மி.லி. என்பது லிட்டருக்கு 20 மி.கி. குளோரைடு. கண் 0.1 மி.லி. தவறினால் 2 மி.கி. தவறும். அதே கடல்நீரை நூறு மடங்கு நீர்த்துப் பார்த்தால் அந்த 0.1 மி.லி. 200 மி.கி. ஆகிவிடும். ஆகவே கடல்நீருக்கு 18,900, 19,100, 19,300 என்று வந்தால் பதற வேண்டாம். பக்கத்து எண்களுக்கு நடுவே ஒரு சொட்டு இரண்டு சொட்டு வித்தியாசம்தான் இருக்கிறது. இதைக் குறைக்க வேண்டுமென்றால் டைட்ரேஷனைக் கூட்டுவதைவிட, அடர்த்தி கூடிய சில்வர் நைட்ரேட்டை எடுத்து நீர்ப்பதைக் குறைப்பது நல்லது.

*சிதறல் அதைவிடப் பெரிதாக இருந்தால்:* புட்டியைக் குலுக்கினீர்களா, பியூரெட் மூக்கில் காற்றுக்குமிழி நிற்கிறதா, பிப்பெட்டை அந்த மாதிரியாலேயே கழுவினீர்களா என்று பாருங்கள். பி.எச். 7-க்கும் 10-க்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் நிறம் காட்டச் சேர்க்கும் குரோமேட் தன் வேலையைச் சரியாகச் செய்யாது, நிறம் மாறும் இடம் தள்ளிப்போய் எண் கூடும்.

அப்புறம் வெளிச்சம். மஞ்சளிலிருந்து செங்கல் நிறம் எட்டிப்பார்க்கும் அந்த இடத்தைக் காலையில் ஜன்னலோரம் பார்ப்பதும் மாலையில் டியூப்லைட்டில் பார்ப்பதும் ஒன்றல்ல. முடிவுக்குச் சற்று முன்பே நிறுத்திய ஒரு குடுவையைப் பக்கத்தில், வெள்ளைத் தாளின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒப்பிட்டு முதல் மாற்றத்தில் நிறுத்தினால் சிதறல் பாதியாகக் குறைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

*சிதறல் கணக்கில் மட்டும் விசித்திரமாக இருந்தால்:* எக்செல்லில் எஸ்டிடெவ்.எஸ் போட்டீர்களா, எஸ்டிடெவ்.பி போட்டீர்களா? மூன்றே எண்களுக்கு இரண்டாவது வகை திட்ட விலக்கத்தை (சிதறலின் அளவை) 18 சதவீதம் குறைத்துக் காட்டும். மாதிரிகளுக்கு எப்போதும் எஸ் வகைதான்.

*செலவாகும் கட்டம்:* தெரிந்த அளவு சோடியம் குளோரைடு கரைசலிலும் இதே சிதறல் வந்தால் பியூரெட்டைச் சந்தேகியுங்கள். 10 மி.லி. காய்ச்சி வடித்த நீரை இறக்கி எடை போடுங்கள். நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் 9.95 கிராமை ஒட்டி வர வேண்டும். 0.1 கிராம் தள்ளி வந்தால் அளவீடு செய்து தரும் இடத்துக்கு அனுப்புங்கள், அல்லது புதிது வாங்குங்கள்.

அறிகுறி 2: நான்கு எண் ஒத்திருக்கிறது, ஒன்று மட்டும் தள்ளி நிற்கிறது

410, 412, 414, 415, 431. அந்த 431-ஐ அடித்துவிடலாமா?

*குறிப்பேட்டைப் பாருங்கள்.* அந்த டைட்ரேஷனின்போது குமிழி வந்தது, தாண்டிவிட்டது என்று அப்போதே எழுதியிருந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம், அடித்துவிடுங்கள். எழுதவில்லை, ஆனால் இப்போது ஞாபகம் வருகிறது என்றால் அந்த ஞாபகத்தை நம்பாதீர்கள். எண் பிடிக்காதபோது வரும் ஞாபகம் அது.

*காரணம் தெரியவில்லை என்றால் டிக்ஸனின் க்யூ சோதனை.* தள்ளி நிற்கும் எண்ணுக்கும் பக்கத்து எண்ணுக்கும் உள்ள இடைவெளியை மொத்த வீச்சால் வகுக்க வேண்டும்: 16 ÷ 21 = 0.76. ஐந்து எண்களுக்கு 95 சதவீத நிலையில் எல்லை 0.710. நம் எண் தாண்டிவிட்டது, நீக்கலாம்.

மூன்றே மூன்று டைட்ரேஷன் செய்து 412, 414, 431 வந்திருந்தால்? 17 ÷ 19 = 0.89. மூன்று எண்களுக்கான எல்லை 0.970. நீக்க முடியாது! கண்ணுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிகிற தவறான எண்ணைக்கூட மூன்று எண்களை வைத்துத் தவறு என்று நிரூபிக்க முடியாது. இந்த இடத்தில்தான் பலர் ‘இரண்டு ஒத்துவருகிறதே’ என்று மூன்றாவதை அடித்துவிட்டு, இரண்டின் சராசரியை மிக நெருக்கமான முடிவாக எழுதிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். தண்ணீர் மீதமிருந்தால் இன்னும் இரண்டு முறை பாருங்கள். மீதமில்லை என்றால் இடைநிலையை எழுதுங்கள், இங்கே 414. தள்ளி நிற்கும் எண்ணால் அதை அசைக்க முடியாது.

இந்தச் சோதனையை ஒரு தொகுப்புக்கு ஒரு முறைதான் போட வேண்டும். ஒன்றை நீக்கிவிட்டு மீதியில் மறுபடி, அதன் மீதியில் மறுபடி என்று போனால் நல்ல எண்களும் போய்விடும்.

அறிகுறி 3: இரண்டு ஆய்வகம் அல்லது இரண்டு முறை, எண்கள் ஒத்துவரவில்லை, ஆனால் டி-சோதனை ‘வேறுபாடு இல்லை’ என்கிறது

அதிகம் வரும் கோளாறு இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆறு கிணறுகள். முதல் ஆய்வகம் கொடுத்த குளோரைடு: 130, 210, 340, 480, 650, 890. இரண்டாவது ஆய்வகம் அதே கிணறுகளுக்குக் கொடுத்தது: 135, 214, 346, 484, 657, 894. சராசரி 450-ம் 455-ம். சாதாரண டி-சோதனை போட்டால் 0.03 வரும். எல்லை 2.228. ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று எழுதிவிடலாம் போலிருக்கிறது.

ஆனால் கண்ணால் பாருங்கள். ஆறு கிணற்றிலும் இரண்டாவது ஆய்வகமே கூடக் காட்டுகிறது. தற்செயலாக இப்படி வருமா?

*முதல் காரணம், தவறான சோதனை.* சாதாரண டி-சோதனை கிணற்றுக்குக் கிணறு உள்ள வேறுபாட்டையும் சிதறல் என்று எண்ணிக்கொள்கிறது. 130-க்கும் 890-க்கும் உள்ள அந்தப் பெரிய இடைவெளியில் 5 மி.கி. தொலைந்துபோகிறது. ஒரே கிணற்றின் இரண்டு எண்களையும் ஜோடியாகக் கழித்து, வித்தியாசங்களை மட்டும் பாருங்கள்: 5, 4, 6, 4, 7, 4. சராசரி 5, திட்ட விலக்கம் 1.26. அதை ஆறின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.52. ஐந்தை அதால் வகுத்தால் டி மதிப்பு 9.7. ஆறு ஜோடிக்கு எல்லை 2.571. வேறுபாடு ஐயமில்லாமல் இருக்கிறது.

எண்கள் மாறவில்லை, சோதனை வகை மாறியது; 0.03 இருந்த இடத்தில் 9.7 நிற்கிறது. எக்செல்லின் டி.டெஸ்டில் கடைசியாகக் கேட்கும் ‘வகை’ என்ற இடத்தில் 1 போட்டால் ஜோடிச் சோதனை. 2 போட்டால் இரண்டு தொகுப்பின் சிதறலும் சமம் என்று எடுத்துக்கொள்ளும். 3 போட்டால் சமமில்லை என்று எடுத்துக்கொள்ளும். எந்த எண்ணைப் போட்டாலும் அது ஒரு விடை தரும், கேள்வி கேட்காது.

*வேறுபாடு உறுதியானால், வித்தியாசத்தின் போக்கைப் பாருங்கள்.* குறுக்கே இரண்டு ஆய்வகங்களின் சராசரி, நெடுக்கே வித்தியாசம் என்று ஒரு படம் வரையுங்கள். பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இருவர் 1986-இல் மருத்துவ அளவீடுகளுக்காகப் பரவலாக்கிய படம் இது; உப்புத் தண்ணீருக்கும் அப்படியே பொருந்தும். கிளைகள் மூன்று.

– எல்லாக் கிணற்றிலும் ஏறத்தாழ ஒரே வித்தியாசம்: வெற்றுச் சோதனையைக் கழிக்கவில்லை. நம் உதாரணத்தில் 5 மி.கி. என்பது 25 மி.லி. மாதிரிக்கு 0.25 மி.லி. சில்வர் நைட்ரேட். காய்ச்சி வடித்த நீர் மட்டும் எடுத்து டைட்ரேட் செய்தாலும் நிறம் காட்ட அந்த அளவு செலவாகும். ஒருவர் கழித்திருக்கிறார், மற்றவர் கழிக்கவில்லை. ஒரு போன் போட்டுக் கேட்டால் தீர்ந்துவிடும்.

– உப்பு கூடக் கூட வித்தியாசமும் கூடுகிறது: சில்வர் நைட்ரேட்டின் நார்மாலிட்டி. புட்டியில் 0.0141 என்று எழுதியிருக்கும், உள்ளே 0.0138 இருக்கும். எல்லா எண்ணும் 2 சதவீதம் கூடிப்போகும். பழுப்புப் புட்டியில் இல்லாமல் ஜன்னலோரம் நின்ற கரைசலா என்று பாருங்கள். சோடியம் குளோரைடை அடுப்பில் உலர்த்தி, எடை போட்டுக் கரைத்து, மறுபடி தரம் பாருங்கள். நம் கடலோர ஈரக்காற்றில் உப்பு உலராமல் எடை போட்டால் அந்தத் தரமும் கெட்டுவிடும். இந்தக் கிளையில் நேர் வித்தியாசத்தைவிட விகிதத்தை ஒப்பிடுவது சரி: ஒவ்வொரு ஜோடியின் மடக்கையை எடுத்து, அதன்மேல் ஜோடிச் சோதனை.

– கிணறுகள் சிலவற்றில் மட்டும் திடீரென்று பெரிய வித்தியாசம்: நீர்த்த மாதிரிகளா என்று பாருங்கள். பத்து மடங்கு நீர்த்தால் கழிக்காத வெற்றுச் சோதனையும் பத்து மடங்காகும். நீர்த்தவை அல்ல என்றால் மாதிரி எடுத்த நேரம். மோட்டார் போட்டதும் பிடித்த தண்ணீரும், அரை மணி ஓடவிட்டுப் பிடித்ததும் கடலோரக் கிணற்றில் ஒரே தண்ணீர் அல்ல.

*எப்போது வெளியே கேட்பது?* வெற்றுச் சோதனை, தரம், மாதிரி நேரம் மூன்றும் சரியாக இருந்தும் வித்தியாசம் நிற்கிறது என்றால், சான்றளிக்கப்பட்ட மேற்கோள் கரைசல் (அளவு உறுதியாகத் தெரிந்த கரைசல்) ஒன்றை வாங்கி, அது என்ன என்று சொல்லாமல் இரண்டு இடத்துக்கும் கொடுங்கள். யார் பக்கம் தவறு என்பது அதில் தெரியும். ஜோடி டி-சோதனை ‘வேறுபடுகிறது’ என்று மட்டும் சொல்லும், யார் சரி என்று சொல்லாது.

அறிகுறி 4: புதிதாக வந்தவரின் எண்கள் அதிகம் சிதறுகின்றன என்று தோன்றுகிறது

அனுபவசாலியின் திட்ட விலக்கம் 2.1, புதியவருடையது 5.6, இருவரும் ஐந்து முறை பார்த்தார்கள். இரண்டையும் வர்க்கப்படுத்தி வகுத்தால், சிதறல்களை ஒப்பிடும் எஃப் மதிப்பு 7.1. இருபுறச் சோதனையில் (யார் அதிகம் சிதறுவார் என்று முன்கூட்டிச் சொல்லாதபோது) எல்லை 9.60. ஆக, இரண்டரை மடங்குக்கு மேல் சிதறல் இருந்தும், ஐந்து எண்களை வைத்து அவரைக் குறை சொல்ல ஆதாரம் போதாது. ‘புதியவர் மோசமா’ என்று எண்களைப் பார்க்குமுன்பே கேட்டிருந்தால் ஒருபுற எல்லை 6.39, அப்போது ஆதாரம் உண்டு. எண்களைப் பார்த்த பிறகு ஒருபுறத்துக்கு மாறுவது நேர்மையல்ல. ஒருவருடைய வேலையைப் பற்றிப் பேசுகிறோம். அவரைப் பத்து முறை பார்க்கச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.

அறிகுறி 5: டி-சோதனை எல்லாவற்றையும் ‘வேறுபடுகிறது’ என்கிறது

*ஒரு புட்டியைப் பத்து முறை அளந்தீர்களா?* தனுஷ்கோடியில் வடகடலில் ஒரு புட்டி, தென்கடலில் ஒரு புட்டி. ஒவ்வொன்றையும் பத்து முறை அளந்து, பத்துக்குப் பத்து என்று சோதனை போட்டால் வேறுபாடு நிச்சயம் வரும். அந்தச் சோதனை இரண்டு புட்டிகள் வேறு என்றுதான் சொல்கிறது. இரண்டு கடல்கள் வேறு என்று சொல்ல வேண்டுமென்றால் பாக் விரிகுடாப் பக்கம் பல இடங்களில், பல நாட்களில் பிடிக்க வேண்டும். மன்னார் வளைகுடாப் பக்கமும் அப்படியே. ஒரே புட்டியின் பத்து அளவுகளைச் சராசரியாக்கி ஒரே எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்குப் போகும் எண்ணிக்கை புட்டிகளின் எண்ணிக்கை. கல்லூரித் திட்ட அறிக்கைகளில் நான் பார்த்த தவறுகளில் மிகக் கனமானது இது. ஆண்டு முழுக்க உழைத்த மாணவரின் முடிவு ஒரே வரியில் விழுந்துவிடுகிறது. மாதிரி பிடிக்கப் படகு ஏறுவதற்கு முன்பே இதைத் தீர்மானித்துவிடுங்கள்.

*இருபது அளவுருவுக்கும் (குளோரைடு, கடினத்தன்மை போல அளந்த ஒவ்வொன்றுக்கும்) தனித்தனியாகச் சோதனை போட்டீர்களா?* 95 சதவீத நிலையில், எந்த வேறுபாடும் இல்லாத தண்ணீரிலும், இருபதில் ஒன்றாவது ‘வேறுபடுகிறது’ என்று வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. எதைக் கேட்க வந்தீர்களோ அந்த இரண்டு மூன்றை முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

அறிகுறி 6: மழைக்கு முன் கரித்தது, மழைக்குப் பின் கரிக்கவில்லை, ஆனால் கணக்கில் வேறுபாடு இல்லை

நமக்கு மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைப் பருவத்தில். செப்டம்பரையும் ஜனவரியையும் ஒப்பிடுகிறவர்கள் அறிகுறி 3-இல் சொன்ன ஜோடியை முதலில் பாருங்கள். அதே கிணறுகள்தானே?

ஜோடி சரி, இன்னும் வரவில்லை என்றால் ஒரே ஒரு கிணறு 6,000-இல் நின்று மற்றதையெல்லாம் மறைக்கிறதா என்று பாருங்கள். கடலோரக் கிணற்று எண்கள் இரு பக்கமும் சமமாகப் பரவுவதில்லை, மேல்பக்கம் நீண்ட வால் இருக்கும். மடக்கை எடுத்துச் சோதியுங்கள். ஊர்க்காரர்களிடம் சொல்லும்போது சராசரியைச் சொல்லாமல் இடைநிலையைச் சொல்லுங்கள்.

வில்காக்ஸன் தரவரிசைச் சோதனைக்கு (வித்தியாசங்களின் அளவை விட்டு, அவற்றின் வரிசையைப் பார்ப்பது) மாறுவதும் நல்ல வழிதான். ஆனால் ஐந்து கிணறுகளோடு அதை ஆரம்பிக்காதீர்கள். ஐந்து கிணற்றிலும் உப்பு குறைந்திருந்தாலும் அந்தச் சோதனை தரக்கூடிய மிகச் சிறிய இருபுற நிகழ்தகவு 0.0625. ‘வேறுபடுகிறது’ என்று சொல்லத் தேவையான 0.05-ஐத் தொடவே முடியாது. ஆறு கிணறு இருந்தால் 0.031 வரை இறங்கலாம்.

அறிகுறி 7: அளவீட்டுக் கோடு அருமை, ஒட்டுறவுக் கெழு 0.999; ஆனால் மாதிரி தவறாக வருகிறது

ஃபிளேம் போட்டோமீட்டரில் (தண்ணீரைச் சுடரில் தெளித்து, வரும் ஒளியை அளக்கும் கருவி) பொட்டாசியம் பார்ப்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள். கோடு போட எடுத்த, அளவு தெரிந்த தரக் கரைசல்கள் காய்ச்சி வடித்த நீரில், மாதிரியோ சோடியம் நிறைந்த கிணற்று நீர். சோடியம் பொட்டாசியத்தின் ஒளியைக் கூட்டிவிடும், பொட்டாசியம் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். கோடு நேராக இருப்பது தரக் கரைசல்களைப் பற்றிய சாட்சி, மாதிரியைப் பற்றியது அல்ல.

சோதிக்க: மாதிரியில் தெரிந்த அளவு பொட்டாசியம் சேர்த்து மறுபடி அளங்கள். சேர்த்த அளவு அப்படியே திரும்பி வரவில்லை என்றால் தரக் கரைசல்களிலும் அதே அளவு சோடியம் சேருங்கள், அல்லது மாதிரியிலேயே படிப்படியாகச் சேர்த்துக் கோடு போடுங்கள். திரும்பி வருகிறது, கீழ்ப்பக்கம் மட்டும் தவறு என்றால் ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று தனியாக வரையுங்கள். வில் மாதிரி வளைந்திருந்தால் கோடு நேர்கோடே அல்ல; வீச்சைக் குறையுங்கள். இரண்டும் சரியாக இருந்து எண் நாளுக்கு நாள் நழுவினால் கருவிப் பொறியாளரைக் கூப்பிட வேண்டியதுதான். பர்னரை நீங்களே கழற்ற வேண்டாம்.

அறிகுறி 8: அயனிக் கணக்கு ஒத்துவரவில்லை, அல்லது அளவுக்கு மீறி ஒத்துவருகிறது

நேர் அயனிகளின் கூட்டுத்தொகையும் எதிர் அயனிகளின் கூட்டுத்தொகையும் மில்லி ஈக்விவலண்டில் (மி.கி. எண்ணைச் சமான எடையால் வகுத்தது) 5 சதவீதத்துக்குள் ஒத்துவர வேண்டும். வரவில்லை என்றால் பெரும்பாலும் அலகுத் தவறு: கால்சியம் கார்பனேட்டாகச் சொன்ன கடினத்தன்மையைக் கால்சியமாகவே எடுத்துக்கொண்டு 50-க்குப் பதில் 20-ஆல் வகுத்திருப்பார்கள்.

எல்லாக் கிணற்றுக்கும் வித்தியாசம் 0.0 என்றால் அதுதான் பெரிய கவலை. சோடியத்தை அளக்காமல், மீதியைக் கழித்து எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். அந்தச் சோடியத்தை வைத்து எந்த ஒப்பீடும் செய்யாதீர்கள்.

அறிகுறி 9: ‘கண்டறியப்படவில்லை’ என்ற இடத்தில் என்ன போடுவது?

பூஜ்யம் போடாதீர்கள், சராசரி கீழே இழுபடும். கண்டறியும் எல்லையின் பாதியைப் போடும் வழக்கம், இருபதில் ஒன்றிரண்டு என்றால் பெரிய பாதகமில்லை. பாதிக்கு மேல் கண்டறியப்படாதவை என்றால் சராசரியே எழுத வேண்டாம்; எத்தனையில் இருந்தது, எத்தனையில் இல்லை என்று மட்டும் எழுதுங்கள்.

யாரிடம், எதோடு போவது

முடிவு நீதிமன்றத்துக்கோ, குடிநீர் குறித்த புகாருக்கோ, இறால் ஏற்றுமதிக்கோ போகிறது என்றால் உங்கள் மேசையில் எவ்வளவு சரியாக வந்தாலும் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குடிநீரென்றால் இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, குளோரைடுக்கு 250 மி.கி. ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1,000 வரை என்கிறது. உங்கள் எண் இந்தக் கோடுகளுக்கு 5 மி.கி. பக்கத்தில் நின்றால் வெற்றுச் சோதனை ஒன்றே தீர்ப்பை மாற்றிவிடும்.

புள்ளியியல் தெரிந்தவரிடம் போவதென்றால் மாதிரி பிடிப்பதற்கு முன் போங்கள். பிடித்த பிறகுதான் முடிகிறது என்றால் சராசரிகளை எடுத்துப் போகாதீர்கள். பியூரெட் தொடக்க அளவும் முடிவு அளவும், நீர்த்த மடங்கு, வெற்றுச் சோதனை, மாதிரி பிடித்த நாளும் நேரமும், அடித்துவிட்ட எண்கள், அடித்ததற்கான காரணம் எல்லாம் உள்ள குறிப்பேட்டையே கொண்டுபோங்கள்.